கதவோடு வெளியே வரும் ஓவன் தட்டு ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி இதுதான்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வார்ப்பிரும்பு அடுப்புகளில், ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் தட்டும் கூடவே வெளியே வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்ததாமே, அது எப்படி வேலை செய்தது? அவ்வளவு நல்ல யோசனை இன்றைய ஓவன்களில் ஏன் இல்லை?

நான் கோவையில் ஒரு பவுண்டரியின் பேட்டர்ன் (வார்ப்புக்கு மாதிரி செய்யும்) பிரிவில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன். பழைய அடுப்புகளின் பேட்டன்ட் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அந்த ஏற்பாடு வேலை செய்யாமல் போகவில்லை. கையில் புது அடுப்பு இருக்கும்போது அழகாகவே வேலை செய்திருக்கும். சமைக்கிறவர் ஓவன் கதவை எதற்காகத் திறக்கிறார் என்பதைத்தான் அதைச் செய்தவர்கள் தப்பாகக் கணக்குப் போட்டார்கள். அதற்கு மேல் இரும்பும் சூடும் தங்கள் பங்குக்குக் கெடுத்தன.

முதலில் அந்த அடுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். நம் ஊர் விறகு அடுப்பை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். இது கால் வைத்த ஒரு பெரிய இரும்புப் பெட்டி. பெரும்பாலும் இடது பக்கம் நெருப்பு அறை, அதை ஒட்டி நடுவில் ஓவன், பின்பக்கம் புகைபோக்கி. புகை போகும் வழியை மாற்றும் மூடிக்கு டேம்பர் என்று பேர். அதைத் திறந்து வைத்தால் புகை நேராக மேலே போய்விடும். தீ மூட்டும்போது அப்படி. தீ பிடித்ததும் டேம்பரை மூடுவார்கள். அப்போது சூடான புகை ஓவனின் தலைக்கு மேல் ஓடி, வலது பக்கமாக இறங்கி, அடிப்பக்கமாகத் திரும்பி வந்து, அப்புறம்தான் புகைபோக்கிக்குப் போகும். அதாவது ஓவனைச் சுற்றிப் புகையை நடக்கவிட்டுச் சூட்டைப் பிடுங்கிக்கொள்வது. ஆல்பனி, டிராய் என்று ஹட்சன் ஆற்றங்கரை ஊர்கள் இரண்டும் இந்த அடுப்புகளுக்குப் பேர்போனவை. அந்தப் பக்கத்து மோல்டிங் மணல் மிகவும் நைஸானது. மெல்லிய பலகைகளைப் பூ வேலைப்பாட்டோடு வார்க்க அதைவிட நல்ல மணல் கிடையாது. போதாததற்கு 1825-இல், ஹட்சன் ஆற்றை மேற்கே ஈரி ஏரியோடு இணைக்கும் ஈரி கால்வாய் திறந்ததும், செய்த அடுப்பைப் படகில் ஏற்றி மேற்கே அனுப்ப வழி பிறந்தது.

ஃபைலோ ஸ்டூவர்ட் என்பவர் ஓஹியோவில் ஓபர்லின் கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் 1834-இல் பேட்டன்ட் வாங்கிய அடுப்பு அந்தக் காலத்தில் மிகவும் பேர் வாங்கியது. அதன்பின் ஆளாளுக்கு ஒரு திருத்தம், ஒரு பேட்டன்ட். இதில் ஒரு சோகமும் உண்டு. 1836 டிசம்பர் 15 அன்று வாஷிங்டன் பேட்டன்ட் அலுவலகம் தீப்பிடித்து, அதுவரை வந்திருந்த ஏறக்குறைய 10,000 பேட்டன்ட்களின் படங்களும் மாதிரிகளும் சாம்பலாகிவிட்டன. ஆரம்பகால அடுப்புத் திருத்தங்கள் பலவற்றை இன்று பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். அடுப்புச் சமாச்சாரம் அடுப்பிலேயே போன மாதிரி.

சரி, தட்டுக்கு வருவோம்.

அந்த ஓவன் தட்டு இன்றைய கம்பி வலை கிடையாது. வார்ப்பிரும்புப் பலகை, சிலவற்றில் ஓட்டைகள் இருக்கும், அவ்வளவுதான். 45 செ.மீ அகலம், 35 செ.மீ ஆழம், 6 மி.மீ தடிமன் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டை இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 6.8 கிலோ வரும். அதன்மேல் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி, சட்டிக்குள் இறைச்சி, இறைச்சியைச் சுற்றிக் கொதிக்கும் கொழுப்பு. இவ்வளவையும் 200 டிகிரிச் சூட்டுக்குள் குனிந்து, கையை முழங்கை வரை விட்டு, துணியால் பிடித்து இழுக்க வேண்டும். கட்டியிருப்பதோ தரை தொடும் பாவாடை. பக்கத்திலேயே நெருப்பு. தட்டைத் தானாக வெளியே கொண்டுவர யாராவது வழி தேடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வழி இரண்டு விதமாக வந்தது. கதவு பக்கவாட்டில் திறக்கிற அடுப்புகளில், தட்டை நேராகக் கதவிலேயே மாட்டிவிட்டார்கள். பீரோக் கதவின் உள்பக்கம் பொட்டு, சீப்பு வைக்க ஒரு சின்னத் தட்டு இருக்குமே, அதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது தட்டும் சட்டியும் ஊஞ்சல் மாதிரி வீசி வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வழி, கீழ்ப்பக்கம் கீல் வைத்து முன்னால் படுக்கிற கதவுக்கு. கதவின் உள்பக்கம் ஒரு 'பின்', அதாவது சின்ன இரும்பு முளை; அதிலிருந்து தட்டுக்கு ஒரு இணைப்புத் தண்டு. கதவு படுக்கும்போது தண்டு தட்டை இழுத்துக்கொண்டு வரும். கீலிலிருந்து 20 செ.மீ உயரத்தில் பின், அதே மட்டத்தில் தட்டு, தண்டின் நீளம் 30 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். கதவு முழுதும் படுத்தால் பின் 20 செ.மீ முன்னால் வந்து, 20 செ.மீ கீழே இறங்கியிருக்கும். தண்டு சாய்ந்து நிற்பதால் தட்டு கூடுதலாக இன்னும் ஏழு செ.மீ வரும். மொத்தம் 27 செ.மீ சொச்சம். கை சுடாமல் சட்டியைத் தூக்க இது தாராளம். தாளில் வரைந்து பார்த்தால் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

ஆனால் அதே படத்தில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. கதவு முதல் 30 டிகிரி சாயும்போதே பின் 10 செ.மீ முன்னால் பாய்ந்துவிடும். தட்டும் அதோடு சேர்ந்து ஏறக்குறைய 10 செ.மீ வந்துவிடும். ஆக, வெடுக்கென்று ஒரு இழுப்பு. சட்டியில் இருப்பது ரொட்டி என்றால் பரவாயில்லை. ததும்பத் ததும்பக் கஸ்டர்ட் இருந்தால்?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தப்பு வேறு. இந்த ஓவன்களில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் 1910-களில் கேஸ் அடுப்புகளோடுதான் வந்தது. அதற்கு முன் ஓவன் எவ்வளவு சூடு என்று தெரிய உள்ளே கையை நீட்டி எண்ணுவார்கள். எத்தனை எண்ணும்வரை தாங்குகிறதோ அதுதான் அளவு. இல்லையென்றால் கொஞ்சம் மாவைத் தூவி எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். ஆகவே ஒரு கேக் வேகிற நேரத்துக்குள் கதவை எத்தனையோ முறை திறந்தாக வேண்டும். எடுப்பதற்காகத் திறப்பது கடைசியில் ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் எட்டிப் பார்க்க. கதவோடு தட்டைக் கட்டிவிட்டால் ஒவ்வொரு எட்டிப் பார்ப்புக்கும் கேக் ஊர்வலம் போய்விட்டு வரும். பாதி வெந்த கேக்கைக் குளிர்காற்றுக்கு இழுத்து ஒரு ஆட்டு ஆட்டினால் நடுவில் பள்ளம் விழும். இது பேக்கரியில் ஒரு வாரம் நின்றவருக்குக்கூடத் தெரியும்.

இணைப்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கொக்கி வைத்தால் போதாதா என்று தோன்றும். வைக்கலாம்தான். அந்தக் கொக்கியைக் கழற்ற மறுபடியும் சூட்டுக்குள் கை விட வேண்டும். எதைத் தவிர்க்க ஆரம்பித்தோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

கதவிலேயே தட்டு மாட்டிய வகைக்கு இன்னொரு கெடுதல், கீல். 5 கிலோ சுமை கீலிலிருந்து 25 செ.மீ தள்ளித் தொங்குகிறது. இரண்டு கீல்களுக்கும் நடுவே 25 செ.மீ தூரம். அப்படியென்றால் மேல் கீலை வெளியே பிடுங்கவும் கீழ்க் கீலை உள்ளே தள்ளவும் தலா 5 கிலோ விசை எந்நேரமும் இருக்கும். அந்தக் கீலில் இருப்பது கடைசல் பிடித்த முளை கிடையாது, வார்த்த முளை. தேயும். தேய்ந்தால் கதவு மூக்கு தொங்கும். தொங்கினால் சட்டத்தில் ஒட்டாது, இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே புகும், ஓவனில் ஒரு பக்கம் வெளுத்தே கிடக்கும். தட்டைத் திருத்தப் போய்க் கதவைக் கெடுத்த கதை.

இனி, எல்லா வகைத் தட்டுகளுக்கும் பொதுவான சிக்கல். சமையலறை டிராயரை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு மாட்டும் இல்லையா? அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தட்டு சறுக்கும் பக்கத் தடத்தை ரெயில் என்போம். ரெயிலுக்குள் இன்னும் இருக்கும் நீளத்தை, உராய்வுக் கெழுவின் இருமடங்கால் வகுக்க வேண்டும். வரும் தூரத்தைவிட நடுக்கோட்டிலிருந்து அதிகம் தள்ளிப் பிடித்து இழுத்தால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் நகராது. புது இரும்பில் உராய்வு குறைவு, தப்பித்துவிடலாம். துருவும், கரியும், தீய்ந்த கொழுப்பும் ஏறிய தட்டுக்குக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். 0.5-இன் இருமடங்கு 1. எனவே உள்ளே எத்தனை செ.மீ மிச்சம் இருக்கிறதோ, நடுவிலிருந்து அத்தனை செ.மீ வரைதான் தள்ளிப் பிடிக்கலாம். தட்டு முழுதும் உள்ளே இருக்கும்போது பிரச்சினையே இல்லை. பெரும்பகுதி வெளியே வந்து 10 செ.மீ மட்டும் உள்ளே இருக்கும்போது, 45 செ.மீ அகலத் தட்டின் ஓரத்தைப் பிடித்தால் நடுவிலிருந்து 22 செ.மீ தள்ளியிருக்கிறோம். கண்டிப்பாக மாட்டும். வழுக்கி வந்துகொண்டிருந்தது சட்டென்று நிற்கும். சட்டி மட்டும் நிற்காது.

இணைப்புத் தண்டு ஒரே பக்கம் இருந்தால் இதே கதி. இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். வார்ப்பு வேலையில் அது சுலபமில்லை. நாங்களே சாதாரண மணல் வார்ப்பில் ஒன்றிரண்டு மி.மீ வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். போதாததற்குச் சூடு. அரை மீட்டர் வார்ப்பிரும்பு 200 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ நீளும். அதுவும் எல்லா இடமும் ஒரே மாதிரி நீண்டால் பரவாயில்லை. நெருப்பு அறையை ஒட்டிய சுவர் அதிகம் நீளும், எதிர்ப்பக்கச் சுவர் குறைவாக நீளும். சில வருடத்தில் இடது சுவர் லேசாக வயிறு தள்ளிக்கொள்ளும். எண்ணெய் போடலாமே என்றால், சாதாரண லித்தியம் கிரீஸ்கூட 180, 190 டிகிரியில் உருகிச் சொட்டிவிடும். சமையல் எண்ணெய் காய்ந்து பிசினாக ஒட்டும்.

ஆகவே தட்டுக்கும் ரெயிலுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டாக வேண்டும். விட்டால் மாட்டாது, ஆனால் சாயும். மேல் ரெயிலுக்கும் கீழ் ரெயிலுக்கும் நடுவே 6 மி.மீ கூடுதல் இடம் இருக்கிறது. தட்டு 10 செ.மீ உள்ளே, 30 செ.மீ வெளியே. முன்விளிம்பு 1.8 செ.மீ கீழே இறங்கும். சட்டியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவும் முன்பக்கம் வந்து சேரும். இடைவெளி வைத்தால் சாயும், வைக்காவிட்டால் சிக்கும். ஓவன் தட்டின் தலைவலி முழுவதும் இந்த ஒரு இடுக்கில்தான் இருக்கிறது என்பேன்.

வட்டச் சுழல்தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருப்புப் பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் கிடப்பது இந்த அடுப்புகளின் தீராத வியாதி. 1867-இல் எலிசபெத் ஹாக்ஸ் என்ற பெண்மணி, ரொட்டிக்குச் சூடு சமமாகப் பரவ அடுப்பில் ஒரு தனிக் காற்றறை வைத்துப் பேட்டன்ட் வாங்கினார். அவர் சூட்டைத் திருத்தினார். வேறு சிலர், சூடு எப்படியோ போகட்டும், ரொட்டியைத் திருப்புவோம் என்று நடுவில் முளை வைத்து வட்டத் தட்டைப் பொருத்தினார்கள். ஆனால் சதுர ஓவனுக்குள் வட்டம் வைத்தால் 21 சதவீத இடம் வீண். நீள்சதுர ட்ரே வைத்தால் சுற்றும்போது மூலை சுவரில் இடிக்கும். வீட்டு அடுப்பில் இது எடுபடவில்லை. ஆனால் பேக்கரியில் ஜெயித்தது. இன்று நம் ஊரில் ஓரளவு பெரிய பேக்கரி எதற்குள் போனாலும் ரோட்டரி ரேக் ஓவன் நிற்கும். ட்ரேக்கள் அடுக்கிய தள்ளுவண்டியையே உள்ளே விட்டுச் சுற்றவிடுவார்கள். தட்டை வெளியே எடுக்கும் பிரச்சினையும் தீர்ந்தது, திருப்பும் பிரச்சினையும் தீர்ந்தது.

வீட்டு ஓவனில் கடைசியாக நின்றது எது? வளைத்த கம்பி. இன்றைய ஓவனிலிருந்து தட்டை எடுத்துப் பின்பக்க ஓரத்தைப் பாருங்கள். கம்பி லேசாக மேலேயோ கீழேயோ வளைந்திருக்கும், அல்லது பக்கத்தில் ஒரு சின்ன நெளிவு இருக்கும். இழுத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ரெயிலின் முட்டில் போய் நிற்கும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால்தான் முட்டைத் தாண்டி வெளியே வரும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, தேயவும் எதுவும் இல்லை.

அந்த முட்டு எங்கே வைக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 40 செ.மீ ஆழத் தட்டு, நடுவில் 6 கிலோ. 20 செ.மீ வரை இழுத்தால் சுமை இன்னும் ரெயில்மேல்தான். 25 செ.மீ வெளியே வந்தால் பின்விளிம்பு மேல் ரெயிலை 2 கிலோ விசையோடு அழுத்தும். 30 வந்தால் 6 கிலோ. 32 வந்தால் 9 கிலோ. இரண்டே செ.மீ-க்கு மூன்று கிலோ ஏறுகிறது பாருங்கள். அதற்கு மேல் போனால் ரெயில் தாங்காது, இல்லை தட்டு வளையும். ஆகவே பாதிக்குச் சற்று மேலே வந்ததும் முட்டி நிற்கிற மாதிரி வைப்பார்கள். கம்பித் தட்டின் எடை ஒன்றிரண்டு கிலோதான் என்பதால் இது சாத்தியமானது. பழைய 7 கிலோப் பலகையை வைத்துக்கொண்டு இதைச் செய்திருந்தால் சட்டி வைக்கும் முன்பே ரெயில் திணறியிருக்கும். சூடான காற்று கம்பிகளுக்கு நடுவே மேலும் கீழும் போய்வருவது இன்னொரு லாபம்.

கதவு படுக்கிற வகை ஓவனில், தட்டை இழுத்துக் கதவின்மேலும் கனமான சட்டியை வைத்தால் அடுப்பே முன்னால் கவிழும். பழைய வார்ப்பிரும்பு அடுப்பின் எடை அதைத் தடுத்தது. தகர அடுப்புகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அமெரிக்காவில் 1991 முதல் அடுப்பின் பின்காலைத் தரையோடோ சுவரோடோ பிடித்துவைக்கும் கிளிப்பைப் பாதுகாப்புத் தரநிலைகள் கேட்கத் தொடங்கியது அதனால்தான்.

எனக்குப் பிடித்த தீர்வு ஸ்வீடன்காரருடையது. குஸ்தாஃப் டாலேன், 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர், அதே வருடம் ஒரு வெடிவிபத்தில் பார்வையும் இழந்தவர். 1922-இல் அவர் கொண்டுவந்த ஆகா அடுப்பு இன்றும் பிரிட்டனில் ஓடுகிறது. அதன் ரோஸ்டிங் ட்ரேயின் விளிம்பையே ரெயில் அகலத்துக்கு வைத்துவிட்டார்கள். ட்ரே நேராக ரெயிலில் தொங்கும். தட்டே வேண்டாம். இல்லாத தட்டு எப்படிச் சிக்கும்?

இப்போது விலை கூடிய ஓவன்களில், ஒன்றுக்குள் ஒன்று நீண்டு வரும் டெலஸ்கோப்பிக் ரெயில் வருகிறது. தட்டு முழுதும் வெளியே வந்து சாயாமல் நிற்கும். அந்த 19-ஆம் நூற்றாண்டு ஆசை ஒரு வழியாக நிறைவேறியிருக்கிறது, ஆனால் கதவோடு கட்டாமல். அந்த ரெயிலுக்குள் உருளும் குண்டுகள், அவற்றைப் பிடிக்கும் கூடு எல்லாமே ஸ்டீல். மசகும் ஓவன் சூட்டுக்கென்றே தனியாகச் செய்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சித்தப்பா மகன் ஒருவன் சின்ன பேக்கரி வைத்திருக்கிறான். வெல்டிங் பட்டறையில் செய்த விறகு ஓவன், ஆங்கிள் இரும்பு ரெயில். "அண்ணா, ட்ரே பாதியில மாட்டிக்குது, ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்றான். 20 வருட அனுபவம் பேசியது: ஹார்டுவேர் கடையில் மரச்சாமான் டிராயருக்கு விற்கிற டெலஸ்கோப்பிக் சேனல் இரண்டு ஜோடி வாங்கி மாட்டிக் கொடுத்தேன். முதல் நாள் சர்ரென்று வந்தது. அவன் கடைப் பையன்கள் வேடிக்கை பார்க்க இழுத்து இழுத்துக் காட்டினேன். இரண்டாம் நாள் காலையில் போன். சேனலுக்குள் குண்டுகளைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கூடு உருகி, கிரீஸ் புகைந்து, ஒரு ட்ரே பன்னெல்லாம் கிரீஸ் வாசம்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆங்கிளின் கரட்டைக் கிரைண்டரால் தேய்த்து, பக்கத்துக்கு 4 மி.மீ இடைவெளி விட்டு, ட்ரே தாங்கும் சட்டத்தின் பின்பக்கம் 8 மி.மீ கம்பியை வளைத்து இரண்டு கொக்கி பற்றவைத்தேன். இழுப்பதற்கு முன்விளிம்பின் நடுவில் ஒரே ஒரு வளையம். ஓரத்தில் பிடிக்க இடமே வைக்கவில்லை. கம்பி பழைய இரும்புக் குவியலில் கிடந்தது, செலவு வெல்டிங் ராடுக்கு மட்டும்தான். பையன்கள் இப்போது நீண்ட கொக்கிக் கம்பியால் அந்த வளையத்தை மாட்டி இழுக்கிறார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது ட்ரே இருந்த இடத்திலேயே இருக்கிறது.